மூணாங்கட்டைக் காய்ச்சல்

திங்கட்கிழமை முற்பகல் மஸூதா டீச்சரின் அழைப்பு வந்தபோது, பஸ்லி ஒரு ரொட்டிக் கடையின் தண்ணீர்த் தாங்கிக்குள் டோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வேலைக்கு வந்து பதினொரு வருஷம். அவன் தலையைக் கண்டாலே மாத்தளை டவுன் கடைக்காரர்கள் "பி.எச்.ஐ. வாராரு" என்று உள்ளே குரல் கொடுப்பார்கள். பயப்படுகிற மனிதர்களைப் பார்த்துப் பார்த்து அந்தப் பயம் அவனுக்குப் பழகிப்போயிருந்தது.

"பஸ்லி, புள்ளைங்க சத்தி எடுக்குதுங்க," என்றார் டீச்சர். "ரெண்டாம் வகுப்புல மட்டும் ஒம்பது பேர். சாப்பாடு குடுத்து அரை மணித்தியாலம்கூட ஆகல்ல. சுருக்கா வாங்க."

மூணாங்கட்டைத் தோட்டத்துப் பாடசாலைக்கு மஸூதா டீச்சர்தான் அதிபர். ஐந்தாம் வகுப்போடு முடிகிற சின்னப் பள்ளிக்கூடம், நூற்றுப் பதினெட்டுப் பிள்ளைகள். நாவுலப் பாதையில் பைக்கை விரட்டிக்கொண்டு பஸ்லி போய்ச் சேர்ந்தபோது மண்டபம் முழுக்கப் புளித்த வாடை. சுருண்டு கிடந்த பிள்ளைகளைப் பாயில் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். சோறும் பருப்பும் அவித்த முட்டையும் தின்றது தின்றபடி தரையில் கிடந்தன. படலைக்கு வெளியே தாய்மார்கள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளைகளுக்குச் சாப்பாடு சமைத்துக் கொண்டுவரும் மார்ஜரி தன் வாளிகளுக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றாள். நாற்பதை எட்டிய பெண். கணவனுக்குக் கொழும்பில் ஹோட்டல் வேலை, மாதம் ஒருமுறை வருவான். பிள்ளை இல்லை. அவளுடைய தங்கை பிரசாந்தியின் மகள் மெரிஷாவும் இரண்டாம் வகுப்புத்தான். ஏழு வயதுக்கு ரொம்பச் சிறிய உடம்பு. அது வாங்கில் குப்புறக் கிடந்து, "பெரியம்மா, கால் வலிக்குது," என்று முனகியது.

பஸ்லி அந்தப் பிள்ளையின் நெற்றியில் கை வைத்தான். கொதித்தது. சாப்பாட்டில் இருக்கிற கெடுதல் அரை மணித்தியாலத்தில் இப்படிக் காய்ச்சலைக் கொண்டுவராது என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் படலையில் கூட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. ஏதோ செய்கிறான் என்று அவர்களுக்குக் காட்ட வேண்டியிருந்தது.

வாளியில் மிஞ்சியதைப் போத்தல்களில் அடைத்து முத்திரை வைத்தான். ஐந்து பிள்ளைகளின் தொண்டையில் பஞ்சுக் குச்சியால் எடுத்ததையும் ஐஸ் பெட்டியில் வைத்தான். பிறகு மலையில் ஏறி, மார்ஜரி இருந்த லயத்துக்கு, தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, போய் அவளுடைய குசினியைப் பார்த்தான். டவுனில் அவன் அனுமதி கொடுத்திருந்த பாதிக் கடைகளைவிடச் சுத்தமாக இருந்தது. இருந்தும் பையிலிருந்து சிவப்பு எழுத்து அறிவித்தலை எடுத்து, கையெழுத்தும் சீலும் வைத்து, பசை தடவினான். மறு அறிவித்தல் வரை இங்கே உணவு சமைக்கத் தடை.

"நான் என்ன சேர் தப்பு செஞ்சேன்?" என்றாள் மார்ஜரி.

"தப்புன்னு யாரும் சொல்லல்ல. இது ஒரு ஒழுங்கு. ரிசல்ட் வாற வரைக்கும்தான்."

"கதவுலயா ஒட்டணும்? உள்ளுக்கு ஒட்டுங்களேன். நான் சமைக்கவே மாட்டேன் சேர், சத்தியமா."

"வெளியிலதான் ஒட்டணும்," என்றான் பஸ்லி.

அவன் பைக்கைத் திருப்புவதற்குள், பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் குடத்தை வைத்துவிட்டு வந்து அறிவித்தலைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை சி.ஆர். என்கிற தடித்த அட்டைக் கொப்பியோடு வீடு வீடாக ஏறி இறங்கினான். காய்ச்சல் எந்த வீட்டில், எந்தக் கிழமை, யாருக்கு முதலில், பள்ளிக்கூடச் சாப்பாடு தின்றார்களா இல்லையா என்று கோடு போட்டு எழுதினான். பிற்பகல் ஆகும்போது ஐம்பத்து மூன்று பெயர்கள் சேர்ந்துவிட்டன. வீடுகளில் அவன் கண்டது அவனையே ஒரு கணம் உலுக்கியது. காய்ச்சல் தணிந்த பிள்ளைகளால் நடக்க முடியவில்லை. குதிகாலைத் தரையில் வைத்தால் வீரிட்டன. நுனிக்காலால் சுவரைப் பிடித்துப் பிடித்து நகர்ந்தன.

"விஷம் காலுக்கு எறங்கிருச்சு," என்றான் சில்வெஸ்டர். தோட்டத்து ஆலையில் வேலை செய்யும் முரட்டு ஆள். அவனுடைய ஒரே மகன் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கெண்டைக்கால்களையும் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். "காய்ச்சல்லயும் நேத்து வரைக்கும் ஓடித் திரிஞ்ச பய சேர். இவன் இனி நடப்பானா?"

பஸ்லி அங்கிருந்தே டொக்டர் ஹமீமாவுக்குப் போன் போட்டான். சுகாதாரப் பணிமனையில் அவனுக்கு மேலதிகாரி அவர். சொன்னதைக் கேட்டு முடித்ததும், "சாப்பாடு இல்ல பஸ்லி," என்றார். "இது புளூ. சில வகை சின்னப் புள்ளைகளுக்குக் கெண்டைக்கால் தசையப் புடிக்கும், சத்தியும் வரும். நாலஞ்சு நாள்ல தானா எழும்பி ஓடுவாங்க. மூச்சு வாங்கிற புள்ள இருந்தா மட்டும் ஒரு நிமிஷமும் வச்சிருக்க வேணாம்."

கொப்பியும் அதையேதான் சொன்னது. பத்தொன்பது பேருக்குத் திங்கட்கிழமைக்கு முன்பே காய்ச்சல் தொடங்கியிருந்தது. பள்ளிக்கூடச் சாப்பாட்டைத் தொடாத ஆறு பேரும் படுத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கே போகாத கைக்குழந்தைகள் இரண்டுக்கும் அதே காய்ச்சல்.

கடைசியாகப் பிரசாந்தியின் வீடு. அவள் புருஷன் கிறிஷாந்த் தம்புள்ளைச் சந்தையிலிருந்து மரக்கறி ஏற்றும் லொறியில் சாரதி. அவன் அப்போது வீட்டில் இல்லை.

"மொதல்ல அவருக்குத்தான் காய்ஞ்சிச்சு சேர், போன செவ்வாக்கெழம," என்றாள் பிரசாந்தி. "தம்புள்ளையில ஒரே இருமல்னு சொன்னாரு. ரெண்டு பனடோலப் போட்டுட்டு மறுநாளும் லொறி எடுத்தாரு. புள்ள அவரு நெஞ்சுலதான் படுப்பா. வியாழக்கெழம இவளுக்கு வந்திருச்சு. ஞாயித்துக்கெழம கொஞ்சம் விட்டிச்சுன்னு பள்ளிக்கூடம் அனுப்பிட்டேன்."

பஸ்லி எழுதினான். அதே வியாழக்கிழமை மேல் லயத்தில் நாலாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கும் காய்ச்சல் வந்திருந்தது. அவன் வீட்டில் யாரும் தம்புள்ளைப் பக்கமே போனதில்லை. அதுவும் அதே பக்கத்தில், இரண்டு வரி கீழே, அவன் கையெழுத்தில்தான் இருந்தது.

பிறகு உள்ளே படுத்திருந்த மெரிஷாவைப் பார்த்தான். பிள்ளையின் விலா எலும்புகள் மூச்சுக்கு மூச்சு உள்ளே இழுபட்டன. உதடு சாம்பல் பூத்திருந்தது. அவனே அம்புலன்ஸுக்கு அடித்து, அவனே தூக்கிக்கொண்டு பாதை வரை ஓடினான். பிள்ளையின் தலை அவன் தோளில் அடித்துக்கொண்டே வந்தது.

கீழே இறங்கும்போது மார்ஜரியின் வீட்டைக் கடந்துதான் போக வேண்டும். அறிவித்தலை அப்போதே கிழித்துப் போட்டிருக்கலாம். கையில் ரிசல்ட் கடுதாசி இல்லாமல் கிழித்தால் நாளைக்கு யாராவது கேள்வி கேட்பார்கள் என்று நினைத்தான். கடுதாசி வரட்டும் என்று விட்டுவிட்டான்.

புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு மெரிஷா ஆஸ்பத்திரியில் இறந்தாள். காய்ச்சல் பிள்ளையின் இதயத்தசையையும் பிடித்துவிட்டது என்றார்கள். நூற்றில், ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு அப்படி ஆகும் என்றார்கள். மூணாங்கட்டையில் அதைக் கேட்க யாரும் இருக்கவில்லை. அங்கே வேறு கதை முற்றிப் போயிருந்தது. பிள்ளை இல்லாதவள் தங்கச்சி பிள்ளையைப் பார்த்து வயிறெரிந்து சோற்றில் எதையோ போட்டாள், அது மற்றப் பிள்ளைகளுக்கும் போய்விட்டது என்று சொன்னார்கள். இல்லாவிட்டால் கவர்ன்மெண்டு ஏன் அவள் கதவில் சிவப்பு நோட்டீஸ் ஒட்ட வேண்டும்?

அன்று பிற்பகல் மார்ஜரி பஸ்லிக்குப் போன் எடுத்தாள். "சேர், தகரத்துல கல்லு விழுது. சாவு வீட்டுக்குப் போனேன், கிறிஷாந்த் என் மொகத்துலயே துப்பிட்டான். எந் தங்கச்சி என்னைப் பாக்கவே இல்ல. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க சேர்."

"நாளைக்கு வாறேன் மார்ஜரி. ரிசல்ட்ட எடுத்துக்கிட்டே வாறேன். கதவப் பூட்டிட்டு உள்ளுக்கே இருங்க."

வியாழக்கிழமை ஒன்றேகாலுக்குக் கொழும்பிலிருந்து முடிவு வந்தது. ஐந்து பிள்ளைகளின் தொண்டையிலும் இன்புளுவென்சா பி. பஸ்லி கடுதாசியை மடித்துக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு பைக்கை எடுத்தான். சவ அடக்கம் இரண்டரைக்கு. எல்லோரும் மயானத்தில் இருக்கும்போது அறிவித்தலைக் கழற்றிவிட்டு, அவர்கள் திரும்பி வரும்போது கடுதாசியை வாசித்துக் காட்டலாம் என்பது அவன் கணக்கு.

லயத்தில் ஆளரவமே இல்லை. மார்ஜரியின் இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், ஓட்டுத் துண்டும் கல்லும் சிதறிக் கிடந்தன. ஜன்னல் கண்ணாடி இல்லை. அவன் பெயரைச் சொன்னதும் கதவு கொஞ்சம் திறந்தது. இரண்டு நாள் தூங்காத முகம்.

"அடக்கத்துக்கு வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க," என்றாள். "அவ பொறந்த அன்னைக்கு மொதல்ல தூக்கினது நான்தான் சேர்."

பசை காய்ந்து இறுகியிருந்தது. பைக் சாவியால் மூலையைச் சுரண்டிச் சுரண்டி இழுத்தான். பாதிதான் வந்தது. அப்போதுதான் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. மயானத்திலிருந்து வருகிற பாதை அந்த லயத்துக்குப் பின்னால்தான் முடிகிறது என்பதை அவன் மறந்திருந்தான். அறுபது எழுபது ஆண்கள் இருப்பார்கள். கையெல்லாம் புதைகுழி மண். முன்னால் வெள்ளைச் சட்டையில் கிறிஷாந்த். அவனுக்குப் பக்கத்தில், செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு சில்வெஸ்டர்.

"பாருங்கடா! நோட்டீஸக் கிழிக்கிறான்!" என்று ஒரு குரல் எழும்பியது. "மறைக்கப் பாக்குறானுங்க!"

"இல்ல, கேளுங்க! ரிசல்ட் வந்திருச்சு!" பஸ்லி கடுதாசியை உயர்த்திக் காட்டினான். "சாப்பாட்டுல ஒண்ணும் இல்ல, இது..."

முதல் கல் அவன் புருவத்தில் விழுந்தது. சத்தம்தான் முதலில் கேட்டது, வலி பிறகுதான் வந்தது. கண்ணுக்குள் சூடாக இறங்கியது. சுவரோடு சாய்ந்தவனை யாரோ காலரைப் பிடித்து இழுத்து வாசலில் போட்டு வயிற்றில் மிதித்தார்கள். மூச்சு எழும்பவில்லை. மண்ணில் கன்னத்தை வைத்துக் கிடந்தபடி, கதவு உடைந்து விழுவதைப் பார்த்தான்.

மார்ஜரியைத் தலைமயிரைப் பற்றி வெளியே இழுத்து வந்தவன் கிறிஷாந்த். அவள் கத்தவில்லை. "தம்பி, தம்பி," என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தாள். முழங்கால் இரண்டும் சிமெந்தில் உரசித் தோலுரிந்தது. உள்ளே போனவர்கள் பாத்திரங்களை வெளியே எறிந்தார்கள். பெரிய சோற்றுப் பானை உருண்டு வந்து பீலியில் மோதியது. ஒருவன் பருப்பு மூட்டையைத் தூக்கி வந்து அவள் முன்னால் கவிழ்த்தான்.

"தின்னுடி!" என்றான் கிறிஷாந்த். "எம் புள்ளைக்குக் குடுத்தத நீ தின்னு!"

கைப்பிடி கைப்பிடியாகப் பச்சைப் பருப்பை அள்ளி அவள் வாயில் திணித்தான். அவள் பல்லைக் கடித்தபோது முஷ்டியால் தாடையில் குத்தினான். பருப்பும் இரத்தமும் மண்ணும் கலந்து வாயிலிருந்து வடிந்தன. மூச்சுத் திணறி அவள் உடம்பு துள்ளியது. சுற்றி நின்றவர்களில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவரும் கையை நீட்டவில்லை.

"இந்தக் கையாலதானே சமைச்ச?" சில்வெஸ்டர் அவள் வலக்கையை இழுத்து இஸ்தோப்புப் படியில் வைத்து மணிக்கட்டில் மிதித்தான். கத்தியைக் கீழே போட்டுவிட்டு, ஜன்னலிலிருந்து பிடுங்கிய இரும்புக் கம்பியை வாங்கி ஓங்கினான். முதல் அடியிலேயே விரல்கள் ஒடிந்தன. காய்ந்த சுள்ளியை மிதித்தது போன்ற சத்தம். இப்போது மார்ஜரி கத்தினாள். கம்பி மறுபடி மேலே போனது. இந்த முறை சில்வெஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தது கையை அல்ல, தலையை.

பஸ்லி எப்படி எழும்பினான் என்று அவனுக்கே தெரியாது.

"அவ இல்லடா!" என்று தொண்டை கிழியக் கத்தினான். "கிறிஷாந்த்! ஒன் லொறியில வந்த காய்ச்சல்டா அது! நீதான் கொண்டு வந்தது!"

கம்பி அந்தரத்தில் நின்றது.

பஸ்லி கொப்பியைப் பிரித்தான். புருவத்து இரத்தம் பக்கத்தில் சொட்டியது. "இந்தா இருக்கு பாருங்க. போன செவ்வாக்கெழம தம்புள்ளையில இருந்து கிறிஷாந்த் காய்ச்சலோட வந்தான். மொதல் பேரு அவன்தான். வியாழக்கெழம அவன் மக. வெள்ளிக்கெழம அவ பக்கத்துல இருந்த ரெண்டு புள்ளைங்க. சில்வெஸ்டர், ஒங்க மகன் எங்க உக்காருறான்? மெரிஷாவுக்குப் பின் வாங்குல. சனிக்கெழம அவனுக்கு. சாப்பாடு குடுத்தது திங்கக்கெழம! புளூ காய்ச்சல்! கொழும்பு ரிசல்ட் இது!"

இரண்டு வரி கீழே இருந்த மேல் லயத்துப் பையனின் பெயரை அவன் வாசிக்கவில்லை. கண் அந்த வரியில் பட்டது, வாய் தாண்டிப் போனது.

பீலியில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. கிறிஷாந்தின் கை இன்னும் மார்ஜரியின் தலைமயிரைப் பற்றியபடிதான் இருந்தது. மெல்ல விரல்கள் அவிழ்ந்தன.

"பொய்," என்றான். பிறகு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். "சும்மா ஒடம்பு காய்ஞ்சிச்சு, அவ்வளவுதான். எல்லாருக்கும் காயும்தானே?"

"எம் பையன் காலு வெளங்காமக் கெடக்குறான்," என்றான் சில்வெஸ்டர் தாழ்ந்த குரலில். "அன்னைக்கு ஒன் வீட்டுலதான் டிவி பாத்துட்டு வந்தான். நீ இருமிக்கிட்டே இருந்த. நான் கேட்டேன், தூசின்னு சொன்ன."

"மச்சான்..."

கம்பி கிறிஷாந்தின் வாயில் விழுந்தது. அதற்குப் பிறகு யார் அடித்தார்கள், யார் அடிக்கவில்லை என்று பொலிஸாராலும் பிரிக்க முடியவில்லை. அரை மணித்தியாலத்துக்கு முன்னால் அவனோடு சேர்ந்து அந்தச் சின்னப் பெட்டியைத் தோளில் சுமந்தவர்கள். ஒரே பிள்ளையைப் புதைத்த கை என்று சற்று முன்தான் அவன் கையைப் பிடித்து அழுதவர்கள். வெள்ளைச் சட்டை ஒரு நிமிஷத்தில் சிவந்து மண்ணாகிப் போனது. அவன் முதலில் கையால் தலையை மூடினான், பிறகு கையும் விழுந்துவிட்டது. கண்ணின் மேல் ஒரு குதிகால் இறங்கியதைப் பஸ்லி கண்டான்.

"விடுங்க! நான் அப்பிடிச் சொல்லல்ல! விடுங்கடா!" பஸ்லி முதுகுகளுக்கு இடையில் புகுந்து இழுத்தான். ஒரு முழங்கை அவன் மூக்கில் இடித்து அவனைத் தள்ளிவிட்டது. மார்ஜரியிடம் அவர்கள் நடந்துகொண்டதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆள் மட்டும்தான் மாறியிருந்தது. மாற்றிக் கொடுத்தவன் அவன்.

பிரசாந்தி எப்போது வந்தாள் என்று ஒருவரும் கவனிக்கவில்லை. மயானத்திலிருந்து பெண்கள் அவளைத் தாங்கி அழைத்து வந்திருக்கிறார்கள். படிக்குக் கீழே கிடந்த கவ்வாத்துக் கத்தியை எடுத்தாள். ஒரு சத்தமும் போடாமல் கூட்டத்துக்குள் நடந்தாள். கம்பியை ஓங்கியிருந்த சில்வெஸ்டரின் முழங்கைக்குக் கீழே ஓங்கி வெட்டினாள். சதை வாய் பிளந்தது. கம்பி விழுந்தது. அவன் தன் கையைத் தானே நம்பாமல் பார்த்தான். அவள் மறுபடி வீசியதில் இன்னொருவனின் தோள் கிழிந்தது. மூன்றாவது வீச்சுக்கு முன்னால் ஆள் இல்லை. எல்லோரும் பின்வாங்கி, பின்வாங்கி, பிறகு ஓடினார்கள்.

அவள் புருஷனுக்கும் அக்காவுக்கும் நடுவில் நின்றாள். இரண்டு பேரையும் பார்க்கவில்லை. கத்தி நுனி பஸ்லியை நோக்கி இருந்தது.

"நீயும் போ," என்றாள்.

மஸூதா டீச்சர் அழைத்திருந்த பொலிஸ் ஜீப் வந்து சேர்ந்தபோதும் அவள் அப்படியேதான் நின்றாள்.

பதினாலு பேரைப் பிடித்தார்கள். பிரசாந்தியும் அதில் ஒருத்தி. ஐந்தாம் நாள் அவளைப் பிணையில் விட்டார்கள். மார்ஜரியின் கையில் மூன்று விரல்களுக்குக் கம்பி வைத்தார்கள், சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். பஸ்லிக்குப் புருவத்தில் ஏழு தையல். அந்தக் கிழமைக்குள்ளேயே, டொக்டர் ஹமீமா சொன்னது போல, சில்வெஸ்டரின் மகன் எழும்பி லயத்து வாசலில் பந்தடித்தான். ரிமாண்டில் இருந்த தகப்பனுக்கு அதைப் பார்க்கக் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடம் திறந்தது. சாப்பாட்டு மாதிரியில் ஒரு குறையும் இல்லை என்று பிறகு அறிக்கை வந்தது.

பஸ்லி தன் அறிக்கையில், அறிவித்தலைச் செவ்வாய்க்கிழமையே கழற்றியிருக்க வேண்டும் என்றும், கூட்டத்தின் முன்னால் ஒரு நோயாளியின் பெயரைச் சொன்னது தன் குற்றம் என்றும் எழுதினான். டொக்டர் ஹமீமா வாசித்துவிட்டு அதை அவன் பக்கம் திருப்பித் தள்ளினார். "இத நீங்க எழுதணும்னு கட்டாயம் இல்ல," என்றார். அவன் அழிக்கவில்லை.

மூன்றாம் கிழமை ஆஸ்பத்திரியில் கிறிஷாந்தைப் பார்க்கப் போனான். இடக்கண் போய்விட்டது. தாடையைக் கம்பியால் கட்டியிருந்ததால் பல்லைக் கடித்தபடிதான் பேசினான்.

"நான்தானா சேர்?"

பஸ்லி வாங்கை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"தெரியாது," என்றான். "யாராலயும் சொல்ல ஏலாது. அந்தக் கெழம தம்புள்ளையில, நாவுலயில, டவுன்ல எல்லா எடத்துலயும் காய்ச்சல். அதே வியாழக்கெழம மேல் லயத்துலயும் ஒரு பையனுக்கு வந்திச்சு. அவங்களுக்கும் ஒங்களுக்கும் போக்குவரத்தே இல்ல. ஒங்களுக்கே இங்கதான் தொத்திச்சோ என்னமோ."

"அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும். கொப்பியில இருந்திச்சு."

"பொறவு ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

"மார்ஜரிய விட்டுருவீங்கன்னு நெனச்சேன்."

"விட்டேன்தானே," என்றான் கிறிஷாந்த். மிஞ்சியிருந்த கண் கூரையைப் பார்த்தது. "பிரசாந்தி ஒரு நாளும் வரல்ல சேர். எனக்காகக் கத்தி தூக்கினவ, என்னப் பாக்க வரல்ல. நீங்க சொன்னத அவளும் கேட்டிருப்பா. இப்ப சொன்னீங்களே, அதப் போயி அவகிட்ட சொல்லுங்க. அவகிட்ட மட்டும் இல்ல. எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆட்கள் வரும் நேரம் பார்த்துப் பஸ்லி மூணாங்கட்டைக்குப் போனான். மஸூதா டீச்சர் தானும் வருவதாகச் சொல்லிக் கூட வந்தார். லயத்து வாசலில் முப்பது பேர் அளவில் நின்றார்கள். சில்வெஸ்டரும் பிணையில் வந்திருந்தான், கை கழுத்தில் தொங்கியது. பஸ்லி கொப்பியில் இருந்த அத்தனை பெயர்களையும் விடாமல் வாசித்தான். மேல் லயத்துப் பையனையும் வாசித்தான். எங்கிருந்து வந்தது என்று தெரியாது, தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொன்னேன், அது பொய் என்றான்.

"அவளும் இல்ல, அவனும் இல்லன்னா," என்றான் சில்வெஸ்டர், "அப்ப யாரத்தான் நாங்க கேக்குறது?"

"யாரையும் இல்ல," என்றான் பஸ்லி.

அந்தப் பதில் யாருக்கும் பிடிக்கவில்லை. ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். மார்ஜரி புதுக் கதவில் சாய்ந்து, கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். "சேர்," என்றாள் சாந்தமாகவே. "இத நீங்க செவ்வாக்கெழம வந்து இப்பிடி நின்னு சொல்லியிருக்கலாமே."

"ஓம்," என்றான்.

பிரசாந்தி கடைசி வரை போகாமல் நின்றிருந்தாள். "காய்ச்சலோட வந்து புள்ளய நெஞ்சுல போட்டுக்கிட்டாரே சேர்," என்றாள். "அதுக்கு என்ன சொல்றீங்க?"

"எங்க ஊட்டுலயும் அப்பிடித்தான் போட்டுக்கிறோம்," என்றார் மஸூதா டீச்சர். "எந்த ஊட்டுல இல்ல, சொல்லுங்க?"

பிரசாந்தி உள்ளே போனாள்.

செவ்வாய்க்கிழமை பகல் வேறொரு வேலையாக ஆஸ்பத்திரிக்குப் போன பஸ்லி, அக்காவும் தங்கையும் கிறிஷாந்தின் வார்டுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருப்பதைக் கண்டான். மார்ஜரி கையின் கட்டை மாற்ற வந்தவள். பிரசாந்தியின் மடியில் ஒரு சூப் போத்தல் இருந்தது. கதவு திறந்துதான் இருந்தது, கட்டில்கள் தெரிந்தன. ஒரு மணித்தியாலம் பிரசாந்தி அசையவில்லை. பார்க்க வந்தவர்களை வெளியே போகச் சொல்லி மணி அடித்தபோது, எல்லோரும் வெளியே வர, அவள் போத்தலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.